சவ்வின் இரவில் ஒரு வட்டம்: பேகன் சடங்கை வீட்டில் நடத்த ஒரு வழிகாட்டி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மதம் என்ன என்ற கேள்விக்கு ஏறத்தாழ 74,000 பேர் ‘பேகன்’ என்று எழுதினார்கள். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளை முன்மாதிரியாகக் கொண்டு இயற்கையைப் போற்றும் இன்றைய மதங்களுக்கான பொதுப்பெயர் இது. இன்னொரு 13,000 பேர், சூனியக் கலையை மதமாகக் கொண்ட பிரிவான ‘விக்கா’வைத் தனியாகக் குறித்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்குப் போய்க் கும்பிடக் கோயில் இல்லை. எல்லோரும் ஏற்கும் வேதநூல் இல்லை. நாள் குறித்துத் தரவோ நடத்தி வைக்கவோ ஐயரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. சடங்கு வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வீட்டு ஹாலிலோ தோட்டத்திலோ கூடி, தாங்களே எழுதி, தாங்களே நடத்திக்கொள்கிறார்கள். பிரிட்டனில் படிக்கவோ வேலை பார்க்கவோ போன தமிழர்கள் சிலருக்கு நண்பர்கள் மூலம் இதற்கு அழைப்பு வருகிறது. சிலர் ஆர்வப்பட்டுத் தாங்களே தொடங்க நினைக்கிறார்கள். இரு தரப்புக்கும்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் எதை உச்சரிப்பது, என்ன உடுத்துவது, எந்தக் கடையில் எந்தக் கோலை வாங்குவது என்றுதான் கவலைப்படுகிறார்கள். சடங்கு சொதப்புவது அங்கெல்லாம் இல்லை. எதற்காகக் கூடினோம் என்ற தெளிவில்லாமல் தொடங்குவார்கள். தொடங்கியதை ஒழுங்காக முடிக்காமல் எழுந்து போவார்கள். இந்த இரண்டையும் சரிசெய்தால் நடுவில் நேரும் தடுமாற்றம் எதுவும் பெரிதாகத் தெரியாது.

பேகன் ஆண்டின் எட்டுத் திருநாள்களில், அக்டோபர் கடைசியில் இறந்தவர்களை நினைக்கும் சவ்வினை மட்டும் எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் துடைத்து வைப்பது வரை சொல்கிறேன். ஒன்றைச் செய்யத் தெரிந்தால் மற்ற ஏழையும் நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

பழமை பற்றிய பயம்

‘ஆயிரமாயிரம் ஆண்டுப் பாரம்பரியத்தில் நான் கைவைக்கலாமா’ என்று தயங்க வேண்டியதில்லை. இன்று பேகன்கள் நடத்தும் சடங்கின் அமைப்பு பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் உருவானது. அதில் முக்கியமான ஆள் ஜெரால்டு கார்ட்னர், 1884-இல் பிறந்தவர். வாலிப வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் அத்தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள்தான். பிறகு போர்னியோ, மலாயா என்று சுற்றி, சுங்க அதிகாரியாக ஓய்வுபெற்று 1936-இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். சூனியக்காரியாக நடிப்பதைக் குற்றமாக்கிய 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. மூன்றே ஆண்டில், 1954-இல், விக்கா பற்றி அவர் வெளிப்படையாகப் புத்தகம் எழுதிவிட்டார். அவருடைய சடங்கு வாசகங்களைத் திருத்தி, இன்று பலரும் சொல்லும் வடிவுக்குக் கொண்டுவந்தவர் டோரீன் வேலியன்டி என்ற பெண்மணி. அவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் பாதிகூடக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

பழைய கெல்டிக் பூசாரிகளின் பெயரை எடுத்துக்கொண்ட ட்ரூயிட் பிரிவிலும் இதே கதைதான். 1792-இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கல்வட்டம் அமைத்து ட்ரூயிட் சபையைக் கூட்டிய வேல்ஸ் கவிஞர் இயோலோ மோர்கனுக், பழைய ஏட்டில் இருந்ததாகக் காட்டியவற்றில் கணிசமானதைத் தாமே எழுதியிருந்தார். 1964-இல் ராஸ் நிக்கல்ஸ் ஒரு புதிய ட்ரூயிட் அமைப்பைத் தொடங்கினார். எட்டுத் திருநாள் கொண்ட ஆண்டுச் சக்கரம் 1950களில் கார்ட்னரையும் நிக்கல்ஸையும் சுற்றித்தான் இன்றைய வடிவுக்கு வந்தது. ‘மேபன்’ என்ற இலையுதிர்காலத் திருநாளின் பெயர் அதைவிட இளையது. அமெரிக்கரான எய்டன் கெல்லி 1970களில் வைத்தது.

இதையெல்லாம் மட்டம் தட்டச் சொல்லவில்லை. சவ்வின், பெல்டேன் போன்ற நாள்கள் அயர்லாந்தின் பழைய இலக்கியத்திலேயே இருக்கின்றன. நாள் பழையது, நடைமுறை புதியது. அதனால் உங்கள் சடங்கை நீங்கள் எழுதிக்கொள்ளும் உரிமை உங்களுக்கும் உண்டு. ‘இது என் பாட்டியின் பாட்டி காலத்திலிருந்து வருகிறது’ என்று யாராவது கதைவிட்டால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள்

எட்டும் இவை: அக்டோபர் 31 சவ்வின், டிசம்பர் 21 வாக்கில் யூல், பிப்ரவரி 1 அல்லது 2-இல் இம்போல்க், மார்ச் 20 வாக்கில் ஓஸ்டாரா, மே 1 பெல்டேன், ஜூன் 21 வாக்கில் லித்தா, ஆகஸ்ட் 1 லம்மாஸ், செப்டம்பர் 22 வாக்கில் மேபன். நான்கு சூரியனை வைத்து, நான்கு அவற்றின் இடைவெளியில். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பலர் ‘சாம்ஹைன்’ என்பார்கள். சவ்வின் என்றே சொல்லுங்கள்.

சவ்வின் என்பது அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வாசல். இறந்தவர்களை நினைக்கும் இரவு. கத்தோலிக்கர்களின் கல்லறைத் திருநாளும் இதையொட்டி நவம்பர் 2-இல் வருவதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் சாவு நடந்த வருடம் பண்டிகை கொண்டாட மாட்டோம், விசேஷங்களுக்கும் போக மாட்டோம். இங்கே நேர்மாறு. அந்த ஆண்டு யாரையாவது இழந்தவருக்குத்தான் இந்த இரவில் முதல் இடம். அழைக்கும்போதே இந்த வேறுபாட்டைத் தமிழ் நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். ‘வீட்டில் தீட்டு, வரலாமா’ என்று தயங்குகிறவர்தான் பெரும்பாலும் வரவேண்டியவராக இருப்பார்.

சரியாக 31-ஆம் தேதியே நடத்த வேண்டும் என்று யாரும் அடம்பிடிப்பதில்லை. அருகிலுள்ள சனிக்கிழமைக்குத் தள்ளுவது வழக்கம். 31-ஆம் தேதியே நடத்துவதானால் ஒரு தொல்லை உண்டு: அது ஹாலோவீன். மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை பேய் வேஷம் போட்ட குழந்தைகள் மிட்டாய்க்காக மணியடித்துக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் உள்ளே இறந்தவர் பெயரைச் சொல்லிக் கண்கலங்கும் நேரத்தில் வாசலில் ஒரு குட்டி டிராகுலா நிற்கும். மிட்டாய்க் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு எட்டுக்கு மேல் தொடங்குங்கள். தீபாவளி ஒட்டி வரும் ஆண்டுகளில் வெடிச்சத்தத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 2024-இல் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன.

ஒரே வாக்கியம்

தாளை எடுத்து, ‘இந்தச் சடங்கு முடியும்போது வந்தவர்கள்...’ என்று தொடங்கி வாக்கியத்தை முடியுங்கள். உதாரணமாக: ‘வந்தவர்கள் தாங்கள் இழந்த ஒருவரின் பெயரை மற்றவர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.’ இது நல்ல நோக்கம். நடந்ததா இல்லையா என்று பார்த்தால் தெரியும். ‘பிரபஞ்ச சக்தியுடன் இணைய வேண்டும்’ என்பது நோக்கமே அல்ல. அதை வைத்துக்கொண்டு எத்தனை மெழுகுவர்த்தி வேண்டும் என்றுகூட முடிவெடுக்க முடியாது.

இனி எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த வாக்கியத்தைப் பாருங்கள். யாரோ மேளம் கொண்டுவரட்டுமா என்று கேட்பார். இன்னொருவர் சீட்டு பார்த்துக் குறி சொல்லலாம் என்பார். நோக்கத்துக்கு உதவினால் சரி. இல்லையென்றால் அதற்கு வேறு நாள் இருக்கிறது. ஒரு சடங்கில் ஒரு காரியம் போதும்.

ஆவியை வரவழைத்துப் பேசுவது, பலகையில் கைவைத்துக் கேள்வி கேட்பது ஆகியவை புதியவர்களின் சவ்வினுக்கு வேண்டாம். நம்புகிறீர்களோ இல்லையோ, துக்கத்தில் இருப்பவர் மனம் அந்த நேரத்தில் எதையும் பிடித்துக்கொள்ளும். விளையாட்டுக்கு அது இடமில்லை.

ஆட்கள்

நான்கு முதல் எட்டுப் பேர்வரை வசதி. பன்னிரண்டைத் தாண்டினால் ஒவ்வொருவரும் பேசி முடிக்க ஒருமணி நேரம் ஆகும். நின்றுகொண்டிருப்பவர்கள் கால் மாற்ற ஆரம்பிப்பார்கள்.

அழைப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்: எத்தனை மணிக்குத் தொடக்கம், எவ்வளவு நேரம், நிற்கவேண்டுமா உட்காரலாமா, புகை இருக்குமா, மது இருக்குமா, என்ன கொண்டுவர வேண்டும், பேச விருப்பமில்லாதவர் பேசாமல் இருக்கலாமா. கடைசியாகச் சொன்னதற்குப் பதில் எப்போதும் ‘இருக்கலாம்’ என்றே இருக்கட்டும். படம் எடுப்பதில்லை என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் மதம் அலுவலகத்தில் தெரியக்கூடாது என்று நினைக்கும் பேகன்கள் நிறைய உண்டு.

வேலைகளைப் பிரித்துக்கொடுங்கள். நான்கு திசைக்கும் நான்கு பேர், உணவுக்கு ஒருவர், நெருப்புக்கு ஒருவர். நெருப்புக்காரர் வேறெதுவும் செய்யக்கூடாது. எந்தச் சுடர் எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பதே அவர் வேலை. இன்னொருவரைக் கதவோரம் நிறுத்துங்கள். யாருக்காவது தாங்கமுடியாமல் போனால் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து உடன் உட்கார அவர் இருக்கட்டும். இதை எந்தப் புத்தகத்தின் பொருள் பட்டியலிலும் பார்க்கமாட்டீர்கள். ஆனால் கத்தி, கிண்ணம், கோல் எல்லாவற்றையும்விட இந்த ஆள்தான் முக்கியம்.

இடம்

லண்டனில் அக்டோபர் 31 அன்று சூரியன் மாலை நாலரை வாக்கில் மறைந்துவிடும். பல பூங்காக்கள் பொழுது சாய்ந்ததும் பூட்டப்படும், தீ மூட்டவும் பெரும்பாலும் அனுமதி கிடையாது. ஆகவே முதல் முறை வீட்டுக்குள்ளேயே நடத்துங்கள். சொந்தத் தோட்டம் உள்ள நண்பர் கிடைத்தால் அதிர்ஷ்டம்; அப்போதும் மழைக்கு மாற்று ஏற்பாடு இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘இன்று கொஞ்சம் பேர் வருகிறார்கள், ஒன்பதரைக்கு முடிந்துவிடும்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மாணவர் விடுதியிலும் சில வாடகை வீடுகளிலும் மெழுகுவர்த்தி ஏற்றக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். பேட்டரி மெழுகுவர்த்தியை வைத்துக்கொள்ளுங்கள். அதனால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது. புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டு நடத்துகிறவர்கள் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். மறுபடி மாட்ட மறந்து தூங்கிவிடுவீர்கள்.

பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போய் நடத்தலாமே என்று முதல் ஆண்டே தோன்றும். அங்கே கோடைக் கதிர்த்திருப்பத்துக்கும் (ஆண்டின் மிக நீண்ட பகல்) குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்கும் (மிகக் குறுகிய பகல்) கற்களுக்கு நடுவே எல்லோரையும் இலவசமாக விடுகிறார்கள். கோடைக்கு இந்த ஏற்பாடு 2000-இல் தொடங்கியது. கற்கள்மேல் ஏறக்கூடாது, மது கூடாது என்று விதிகள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் நடுவே நின்று சூரியோதயம் பார்க்கலாம், நன்றாகவே இருக்கும். உங்கள் சொந்தச் சடங்குக்கு அது இடமல்ல. ஏவ்பரி அருகே வெஸ்ட் கென்னட் என்ற புதிய கற்காலக் கல்லறை இருக்கிறது, 5,000 ஆண்டுக்கும் மேல் பழையது. உள்ளே போகிறவர்கள் கல்மேல் டீ லைட் எனும் குட்டி மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்து, கரியும் மெழுகுமாகக் கல்லையே பாழாக்கியிருக்கிறார்கள். முன்னோரை மதிக்கப் போகும் இடத்தில் இதைவிட அவமரியாதை என்ன செய்ய முடியும்?

பீடம்

சிறிய மேசை, ட்ரே, மடக்கு நாற்காலி எதுவானாலும் சரி. அதன்மேல் துணி. நான்கு பொருள்கள்: காற்றுக்கு ஊதுபத்தி அல்லது இறகு, நெருப்புக்கு மெழுகுவர்த்தி, நீருக்குக் கிண்ணம், மண்ணுக்கு ஒரு கல் அல்லது தொட்டி மண். நடுவில் அன்றைய சடங்குக்கானவை: இறந்தவர்களின் படங்கள், ஓர் ஆப்பிள், ஒரு ரொட்டி. எல்லாமே வீட்டில் கிடைப்பவை. குறைந்தால் தெருமுனை சாரிட்டி கடையில் இரண்டு பவுண்டுக்கு நல்ல கிண்ணம் கிடைக்கும். பேகன் பொருள்கள் என்று தனியாக விற்கும் கடையில் முதல் ஆண்டு காலெடுத்து வைக்காதீர்கள்.

விக்கா பிரிவில் ‘ஆதமே’ எனப்படும் கறுப்புப் பிடி போட்ட கத்தி உண்டு. வெட்டுவதற்கல்ல, வட்டம் போடுவதற்கு. இங்கிலாந்தில் தகுந்த காரணமில்லாமல் கத்தியோடு பொது இடத்தில் போவது குற்றம். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மதக் காரணத்தை ஏற்கிறது என்றாலும், ரயில் நிலையத்தில் போலீஸ்காரரிடம் விக்காவை விளக்கிக்கொண்டு நிற்பது உங்களுக்கும் கஷ்டம், அவருக்கும் கஷ்டம். வேறு வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் கத்தி வேண்டாம். சுட்டுவிரல் போதும்.

புகைக்குச் சாம்பிராணி நன்றாகப் பொருந்தும். பேகன்களும் மரப்பிசின்களைத்தான் கரியில் இடுகிறார்கள். லண்டனில் தமிழ்க் கடைகளில் கிடைக்கும் கப் சாம்பிராணியை ஒரு மண்கிண்ணத்தில் மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள். உருண்டைக் கரியில் இடுவதென்றால் மணல் கட்டாயம். இல்லாவிட்டால் கிண்ணம் சுட்டுக் கீழே மேசை பொசுங்கும். ஜன்னல் ஒருபக்கம் திறந்தே இருக்கட்டும். மூடிய அறையில் கரி எரிவது உயிருக்கு ஆபத்து. ஆஸ்துமா இருப்பவர் வந்தால் புகையே வேண்டாம், இறகு போதும்.

நடப்பு

வந்தவர்கள் கோட்டைக் கழற்றி, போனை அணைத்து ஒரு கூடையில் போடட்டும். வட்டத்துக்குள் போகுமுன் அன்றைய வரிசையை எளிய மொழியில் சொல்லுங்கள். புதியவருக்கு அடுத்தது என்ன என்று தெரிந்தால்தான் மனம் அமரும். நடத்துகிறவர் தாளை வைத்துப் படிப்பதில் தவறில்லை. ஆனால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூச்சு. எல்லோரும் வட்டமாக நின்று, கால் தரையில் ஊன்றியிருப்பதை உணர்ந்து, நிதானமாக மூச்சு விடட்டும். இரண்டு நிமிடம்.

அடுத்து வட்டம் போடுதல். நடத்துகிறவர் கிழக்கில் தொடங்கி, விரலை நீட்டியபடி எல்லோரையும் சுற்றி வலமாக ஒருமுறை நடந்து கிழக்குக்கே திரும்பவேண்டும். நாம் சந்நிதியை வலம் வருகிற அதே திசை. ‘இந்த வட்டத்துக்குள் இருக்கும்வரை வெளியே உள்ள அவசரம் எங்களைத் தொடாது’ என்று சொல்லிக்கொண்டே நடந்தால் அதுவே வாசகம். இதன்பின் யாராவது வெளியே போகவேண்டுமென்றால் கையால் கதவு திறப்பதுபோல் செய்து அனுப்புவார்கள். கழிப்பறை அவசரத்துக்கும் அதே மரியாதை.

பிறகு திசைகளை அழைத்தல். விக்காவில் கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு மண். நமக்குத் தென்கிழக்கு அக்கினி மூலை, வடமேற்கு வாயு மூலை என்று மனதில் பதிந்திருப்பதால் முதலில் தடுமாறும். பிரிட்டனில் நிற்பவருக்கு உச்சிவேளைச் சூரியன் எப்போதும் தெற்கில்தான் தெரியும், பெருங்கடல் மேற்கே இருக்கிறது. இப்படி வைத்துக்கொண்டால் மறக்காது. வீட்டில் கிழக்கு எந்தப் பக்கம் என்று முன்னாலேயே போனில் பார்த்துச் சுவரில் சின்னத் தாள் ஒட்டிவையுங்கள். சடங்கு நடுவில் நான்கு பேர் நான்கு பக்கம் திரும்பி நிற்பதைப் போல் சிரிப்பை வரவழைப்பது வேறில்லை.

எந்த மொழியில் அழைப்பது? உங்கள் மொழியில். வந்தவர்களில் பாதிப்பேருக்குப் புரியாது என்றாலும் தமிழில் சொல்லுங்கள், கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி போதும். இப்படி இருக்கலாம்:

‘கிழக்கே, காற்றே! ஜன்னலைத் தட்டும் ஐப்பசிக் காற்றே, வா. எங்கள் சொல் தெளிவாக இருக்கட்டும்.’
‘தெற்கே, நெருப்பே! இந்த ஒற்றைத் திரியில் வந்து உட்கார். எங்கள் குளிரைப் போக்கு.’
‘மேற்கே, நீரே! அழுதால் வருவதும் நீதானே. கூச்சமில்லாமல் வா.’
‘வடக்கே, மண்ணே! போனவர்களைத் தாங்குகிறாய். கொஞ்ச நேரம் எங்களையும் தாங்கு.’

ட்ரூயிட் வழியில் இதற்கு முன்னால் நான்கு திசைக்கும் திரும்பி அமைதியை அழைப்பார்கள். எளிமையானது, அழகானது. முன்பின் தெரியாதவர்கள் கூடும் இடத்தில் நான் இதையே விரும்புவேன்.

தெய்வத்தை அழைப்பது உங்கள் விருப்பம். பெயரில்லாமல் ‘முன்னோரே’ என்று மட்டும் சொல்பவர்கள் நிறைய. மேலைநாட்டு வட்டங்களில் காளியை அழைப்பதும் நடக்கிறது. அவளைத் தெருமுனைக் கோயிலில் பார்த்து வளர்ந்த நமக்கு அது சங்கடமாகவும் இருக்கலாம், மகிழ்ச்சியாகவும் இருக்கலாம். அழைக்கிறவருக்கு அவளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் நடத்துகிற சடங்கில், அறிமுகமில்லாத தெய்வத்தைப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிடாதீர்கள்.

நடுப்பகுதி

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். பீடத்தின் அருகே ஒரு காலி நாற்காலி போட்டு அதன்முன் தட்டு வையுங்கள். ரொட்டித் துண்டு, கொஞ்சம் பழம், ஒரு குவளை நீர். இறந்தவருக்கான இடம் அது.

ஆப்பிளை எடுத்து, காம்பிலிருந்து கீழ்நோக்கி வெட்டாமல், குறுக்காக இரண்டாக வெட்டுங்கள். விதையறைகள் ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரியும். பேகன்களின் சின்னம் அந்த ஐந்து முனை. நான்கு பூதங்களோடு ஐந்தாவதாக உயிரைச் சேர்க்கிறார்கள். இரண்டு பாதியையும் கைமாற்றி எல்லோரும் பார்க்கட்டும். அவசரப்படாதீர்கள். இதற்குமுன் ஆப்பிளை இப்படி வெட்டிப் பார்க்காதவர்கள்தான் பாதிப்பேர். விதையை விரலால் தடவிப் பார்ப்பார்கள். யாரும் சொல்லாமலே அறை அமைதியாகும்.

இப்போது பெயர்கள். ஒருவர் பின் ஒருவராக ஒரு சின்ன மெழுகுவர்த்தியைப் பெரிய சுடரிலிருந்து ஏற்றி, மணல் நிரப்பிய தட்டில் வைத்து, இறந்தவர் பெயர், உறவு, ஒரே ஒரு நினைவு மட்டும் சொல்லவேண்டும். நடத்துகிறவர் முதலில் சொல்லி அளவைக் காட்டட்டும். ‘ராஜம்மா. என் அப்பத்தா. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போது மட்டும் பேசமாட்டார்.’ இவ்வளவுதான். நீங்கள் பத்து நிமிடம் பேசினால் அடுத்தவரும் பத்து நிமிடம் பேசுவார். வளர்த்த நாயின் பெயரைச் சொல்பவர் இருப்பார். சிரிக்காதீர்கள். பெயர் சொல்ல வாய் வராமல் விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு நகர்பவரும் இருப்பார்.

யாராவது அழுதால் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள். நம் ஊரில் அழுகிறவரைச் சும்மா விடமாட்டோம், தேற்றுவதே கடமை என்று நினைப்போம். இங்கே அழுவதற்கும் ஒரு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவர் தலை நிமிரும்வரை எல்லோரும் காத்திருக்கட்டும். நிமிரவே இல்லையென்றால் கதவோரம் நிற்பவர் பார்த்துக்கொள்வார்.

எல்லாப் பெயரும் முடிந்ததும் மூன்று நிமிடம் மௌனம். நெருப்புக்காரர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். மற்றவர்களுக்கு அது பதினைந்து நிமிடம் போலத் தோன்றும்.

ரொட்டியும் முடிப்பும்

விக்காவில் இந்தப் பகுதி மதுவும் பணியாரமும். சாப்பிட்டால் மனம் சட்டென்று உடம்புக்குத் திரும்பும். மயக்கமாக, மிதப்பது போல இருப்பவருக்கு உப்புப்போட்ட ரொட்டியை முதலில் கொடுங்கள். மது கட்டாயமில்லை, ஆப்பிள் சாறு போதும். ஒரே கோப்பையை எல்லோரும் வாய்வைத்துக் குடிக்கும் பழைய வழக்கத்தைக் கொரோனாவுக்குப் பிறகு பலர் விட்டுவிட்டார்கள். தனித்தனிக் குவளையே நல்லது. கோதுமை, கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாதவர் உண்டா என்று அழைக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

பிறகு வந்த வழியே திரும்புதல். அழைத்ததற்கு நேரெதிர் வரிசையில், வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு என்று ஒவ்வொருவரும் நன்றி சொல்லி அனுப்பட்டும். முன்னோருக்கும் நன்றி சொல்லி விடைகொடுங்கள். நடத்துகிறவர் இந்த முறை இடப்பக்கமாக ஒருமுறை சுற்றிவந்து, ‘வட்டம் திறந்தது’ என்று சொல்லவேண்டும். இதை விழுங்கிவிட்டு அரட்டைக்குப் போய்விடுவதுதான் புதிய குழுக்களில் நான் அதிகம் பார்க்கும் குறை. சடங்கு முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் பாதிப்பேர் ஒரு மாதிரியாகவே வீட்டுக்குப் போவார்கள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, மின்விளக்கைப் போட்டு, கைதட்டினாலும் தவறில்லை. முடிந்தது என்று உடம்புக்குத் தெரியவேண்டும்.

மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம் சரியான அளவு. பிறகு சூப், அரட்டை. சடங்கைப் பற்றிய விமரிசனம் அன்றிரவு வேண்டாம்.

இறந்தவருக்கு வைத்த உணவைத் தோட்டத்தில் போடலாம் என்று பலர் எழுதுகிறார்கள். லண்டனில் அது நரிக்கும் எலிக்கும் வைத்த விருந்து. உணவுக் கழிவுத் தொட்டியில் போடுங்கள். மரியாதை வைத்த கணத்தோடு முடிந்தது. பீடத்து நீரில் உப்புக் கலந்திருந்தால் அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். மரத்தில் துணி கட்டுகிற வழக்கம் பிரிட்டனின் பழைய ஊற்றுகளருகே உண்டு. கட்டுவதென்றால் மக்கிப்போகும் பருத்தி நூலாக இருக்கட்டும். நைலான் ரிப்பன் வளரும் கிளையை இறுக்கிக் கொல்லும்.

தனியாகவும், பிறர் வட்டத்திலும்

தனியாக நடத்துவது இன்னும் சுலபம். வட்டம், நான்கு வரி, ஒரு பெயர், ஒரு வாய் ரொட்டி, நன்றி. பதினைந்து நிமிடம். வாய்விட்டுப் பேசுங்கள், மனதுக்குள் சொன்னால் கவனம் சிதறும்.

பிறரோடு சேரவேண்டும் என்றால் நேராக யார் வீட்டு வட்டத்துக்கும் போகாதீர்கள். பேகன்கள் மாதம் ஒருமுறை பப்பில் சும்மா கூடிப் பேசுவதை ‘மூட்’ என்கிறார்கள். அங்கே போய் ஒரு எலுமிச்சைச் சோடாவோடு உட்கார்ந்து ஆட்களைப் பாருங்கள். 1971-இல் தொடங்கிய பேகன் ஃபெடரேஷன் என்ற அமைப்பும் உண்டு. ட்ரூயிட் நெட்வொர்க் 2010-இல் அறக்கட்டளையாகவே பதிவானது. ஒளிவுமறைவான விஷயமல்ல இது.

சில பழைய விக்கா குழுக்கள் ஆடையில்லாமல் சடங்கு நடத்துவது உண்மைதான். அது புதியவர் யாருக்கும் கட்டாயமல்ல; கட்டாயம் என்று சொல்லும் குழுவிலிருந்து அன்றே கிளம்பிவிடுங்கள். தீட்சைக்குப் பெரும்பணம் கேட்பவர், தன்னோடு படுத்தால்தான் சக்தி வரும் என்பவர், வீட்டில் சொல்லாதே என்பவர், கேள்வி கேட்டால் சாபம் விடுவேன் என்பவர், இவர்களை நம் ஊர்ச் சாமியார்களிடம் நன்றாகவே பார்த்திருக்கிறோம். அங்கேயும் அதே ஆட்கள்தான்.

மறுநாள் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எவ்வளவு நேரம் ஆனது, எங்கே இழுத்தது, எத்தனை மெழுகுவர்த்தி மிஞ்சியது, யாருக்கு எந்த உணவு ஆகாது. அடுத்தது யூல். அன்றைக்கு லண்டனில் விடிவதே காலை எட்டு மணிக்குத்தான். வேலைக்குப் போகுமுன் சூரியோதயச் சடங்கை நடத்திவிட நல்ல வசதி. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால் அழைப்பை நவம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.